பொய்யாக விலகி இருந்த ஒன்பது நாட்கள்

என் மூத்த மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது எனக்கு மறுபடியும் உண்டாகிவிட்டது. அதை ஒருவரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். சொன்னால் மகளுக்கு என் பாலை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான் காரணம். மற்றபடி எனக்குக் கள்ளத்தனம் பழக்கமில்லை. பொய் சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நாங்கள் அப்போது ஆரல்வாய்மொழியில் குடியிருந்தோம். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் மதராஸ், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் சவுக்கை. கிழக்கேயிருந்து அரிசி கடத்திக்கொண்டு வருகிறவர்களைப் பிடிக்கும் சாவடி அது. என் வீட்டுக்காரருக்கு அங்கே குமாஸ்தா வேலை. அரிசியைத் துணியில் பொதிந்து வயிற்றில் கட்டிக்கொண்டு, நிறைமாசக்காரி மாதிரி இடுப்பில் கையை ஊன்றி நடந்து வரும் பெண்களைப் பற்றி வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பார்.

"நடையைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும் கேட்டியா. பொய் வயித்துக்காரி மூச்சு வாங்க மாட்டா. எங்கிட்டயா நடக்கும்!"

நான் சோறு பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் சவுக்கையில் பார்க்கும் கண்ணைச் சவுக்கையிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவார்.

என் பிறந்த ஊர் திருவட்டாற்றுப் பக்கம். ஆறும் வாழையும் பலாவுமாக இருந்துவிட்டு இந்த மொட்டைக் காற்றில் வந்து விழுந்தேன். ஆனி பிறந்துவிட்டால் அங்கே காற்று ஆளைத் தள்ளும். கதவைத் திறந்து வைத்தால் அடுப்பு அணையும், சாத்தி வைத்தால் நாளெல்லாம் யாரோ தட்டுகிற மாதிரி கேட்கும். திறந்து பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். முதல் வருஷம் முழுக்க நான் எழுந்து எழுந்து போய்த் திறந்து பார்த்திருக்கிறேன்.

பேச்சும் ஒட்டவில்லை. நான் தண்ணீரை வெள்ளம் என்பேன். கிணற்றடியில் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். "எங்கட்டீ வெள்ளம் வந்துது? மழையே இல்லியே!" கேலிதான், குரோதம் இல்லை. ஆனாலும் தினமும் கேலிக்கு ஆளாக யாருக்குத் தெம்பு இருக்கிறது? வாயை மூடிக்கொண்டேன். மகள் பிறந்த பிறகு எங்கள் ஊர்ப் பேச்சை அவளிடம் மட்டும் பேசினேன். மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது கதை கதையாகச் சொல்வேன். அவள் காம்பை விடாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்ப்பாள். அந்த ஊரில் நான் சொல்வதை முழுக்கக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

அவளுக்கு ஆறு மாதம் ஆன சித்திரையில் எனக்கு மறுபடி மாதத் தூரம் வரத் தொடங்கியது. வைகாசியிலும் வந்தது. ஆனியில் வரவில்லை. காலையில் குமட்டியது. அதைவிட, பால் முந்தி மாதிரி இறங்கவில்லை. குடித்துக்கொண்டே இருந்தவள் வாயை எடுத்து, என் முகத்தைப் பார்த்து அழுவாள். பசுவின் பாலைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினால் என் மேலேயே உமிழ்வாள். கஞ்சித் தெளிவைக் கொடுத்தாலும் அப்படித்தான். அவளுக்கு என் பால் ஒன்றுதான் உலகம்.

எங்கள் பக்கத்து வழக்கம் என்னவென்றால், வயிற்றில் ஒன்று உண்டான அன்றே மடியில் இருக்கிற பிள்ளைக்குப் பாலை மறக்கடிக்க வேண்டும். அது சூல்பால், நஞ்சு, குடித்த பிள்ளை சவலையாகிவிடும் என்பார்கள். மறக்கடிக்கச் சென்னிநாயகம் தடவுவார்கள். கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய கறுப்புக் கட்டி அது. உரசிக் காம்பில் பூசினால் பிள்ளை ஒரு தடவை வாய் வைத்துவிட்டு அலறும். இரண்டு மூன்று நாளில் அம்மாவைக் கண்டாலே முகத்தைத் திருப்பும்.

நான் அதை நேரில் பார்த்தவள். எனக்கு ஏழு வயது இருக்கும்போது என் தம்பிக்கு அதைச் செய்தார்கள். அம்மாவுக்கு மீண்டும் உண்டாகியிருந்தது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தது நான்தான். கசப்பு வாயோடு அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தேடுவான். கொடுத்த கஞ்சி வயிற்றில் தங்கவில்லை. ஒன்றரை மாதத்தில் போய்விட்டான். அதற்கு முந்திக் குடித்த சூல்பால்தான் கொன்றது என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவும் அப்படியே நம்பினாள். அந்தப் பாலைக் குடித்த நாளெல்லாம் அவன் சிரித்துக்கொண்டிருந்தானே, நிறுத்திய பிறகுதானே அழுதான் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. ஏழு வயதுக்காரியிடம் யார் நியாயம் கேட்டார்கள்? ஆனால் அந்த அழுகை என் காதை விட்டுப் போகவில்லை. என் மகளுக்கு அது நடக்க விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

மறைப்பது எப்படி? மசக்கையை மறைத்துவிடலாம். பித்தம் என்று சொன்னால் போதும். மாதத்தில் மூன்று நாளை எப்படி மறைப்பது? அந்த நாட்களில் வீட்டுக்குள் வராமல், பின்பக்கத்து ஓலைச் சாய்ப்பில் பாயும் தட்டும் செம்புமாக நான் தனியாக இருக்க வேண்டும். இவர் சவுக்கைக்குப் பக்கத்துக் கடையில் சாப்பிட்டுக்கொள்வார். எனக்குச் சோறு பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து தள்ளி வைத்துவிட்டுப் போவாள். ஒரு மாதம் நான் சாய்ப்பில் உட்காரவில்லை என்றால் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே உட்கார்ந்தேன். ஆனி முடிகிற சமயத்தில் ஒருநாள் காலையில், "நான் இன்னைக்கு வெளிய" என்று இவரிடம் சொல்லிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். காது எரிந்தது. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே "ம்" என்றார். பொய் அவ்வளவு சுலபமாக நடந்துவிட்டது.

துணி உடுக்காத பிள்ளைக்குத் தீட்டு ஒட்டாது என்பது வழக்கம். அதனால் மகள் அந்த மூன்று நாளும் அரைஞாண் கயிற்றோடு மட்டும் என்னிடமே கிடப்பாள். அடுப்பு இல்லை, கிணறு இல்லை, பாத்திரம் இல்லை. காற்று ஓலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும். நான் படுத்தபடியே அவளுக்கு இந்தப் பக்கம் கொடுப்பேன், பிறகு அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். நாளெல்லாம் அவள் வாய் என் மார்பில் இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் உள்ளே சுர்ரென்று ஒரு கூச்சம், பழையபடி பால் இறங்கிற்று. அவள் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. நான் அழுதுவிட்டேன். நாலாம் நாள் காலை, கறையே இல்லாத துணியைக் கறை போகக் கசக்குகிற மாதிரி கிணற்றடியில் வெகுநேரம் கசக்கித் தலை முழுகிவிட்டு வீட்டுக்குள் போனேன்.

அந்தப் பால் பத்து நாள் தாங்கியது. அப்புறம் வீட்டு வேலையில் மறுபடி குறையத் தொடங்கியது.

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயது இருக்கும். புருஷனுக்குச் செங்கல் சூளையில் வேலை. பிள்ளை கிடையாது. ஒரு பசு வைத்திருந்தாள், அதோடு ஓயாமல் பேசுவாள். என்னைக் கேலி செய்யாத ஒரே பெண்ணும் அவள்தான். ஆனால் அவளுக்கு எல்லாவற்றைப் பற்றியும் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு, எனக்கு அவளிடம் பயம்.

பசு அப்போது சினையாக இருந்தது. சினை மாட்டை அவள் கறந்துகொண்டிருப்பதைப் பார்த்து, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"சினைக்குக் கேடு இல்லியாக்கா?"

"ஒரு கேடும் இல்ல. ஏழு மாசம் வரைக்கும் கறக்கலாம். ஆனா கை விடாம கறக்கணும். ஒரு நேரம் விட்டா மாடு இனி வேண்டாம்போலன்னு நினைச்சு வத்திரும். தவிடும் பருத்திக்கொட்டையும் கூட ரெண்டு கை வைக்கணும். உள்ளுக்கு ஒண்ணு தின்னுதுல்லா?"

"அப்ப மனுசருக்கும் அப்படித்தானேக்கா?"

அக்கா கறப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மனுசரும் மாடும் ஒண்ணா? அது விஷமாக்கும்."

மாட்டுக்கு ஆவது மனுஷிக்கு ஆகாதா என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு வந்தேன். ஆனாலும் மாட்டுக்குச் சொன்னதையெல்லாம் எனக்கு நானே செய்துகொண்டேன். ஒரு நேரம் விடாமல் கொடுத்தேன். உளுந்தைக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் களியாகக் கிண்டித் தின்றேன். தின்று முடித்ததும் குமட்டும், பல்லைக் கடித்துக்கொள்வேன். காற்றில் முறிந்து விழுந்த முருங்கைக் கிளைகளைப் பொறுக்கிவந்து தினம் கீரை வைத்தேன். "என்ன, தினமும் முருங்கைக்கீரையா?" என்று இவர் கேட்டார். "காத்து தருகு, நான் வைக்கேன்" என்றேன்.

ஆடியிலும் சாய்ப்பில் உட்கார்ந்தேன், ஆவணியிலும் உட்கார்ந்தேன். அதையே எதிர்பார்த்திருக்கத் தொடங்கினேன் என்று சொன்னால் இப்போது வெட்கமாக இருக்கிறது. மாதம் முழுக்க வற்றுவது அந்த மூன்று நாளில் ஊறும். யாரும் கிட்டே வராத இடத்தில் நானும் அவளும் மட்டும். தனிமை என்று நான் நொந்துகொண்டிருந்ததை நானே பாயைப் போட்டு விரித்துக்கொண்டேன். அக்கா தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவருவாள். மூன்று மாதமும் ஒருநாள் தவறவில்லை. பாலுக்கு நல்லது என்று பூண்டு தட்டிப் போட்டிருப்பாள். வாசலில் வைத்துவிட்டுச் சற்று நின்று, "வயித்துவலி இருக்கா மக்கா?" என்பாள். "கொஞ்சம் இருக்குக்கா" என்பேன். அந்தப் பொய்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆவணி கழிந்து ஒருநாள் மகளைக் குளிப்பாட்டும்போது அரைஞாண் வழுகித் தொடைக்கு இறங்கியது. போன கோடையில் தடம் பதிகிறதென்று நானே தளர்த்திவிட்ட கொடி அது. இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். புரட்டாசியில் இன்னொரு முடிச்சு. அக்கா அவளைத் தூக்கிப் பார்த்தாள்.

"பிள்ளை ஏன் இப்பிடி நரங்கிப் போச்சு? சவலை மாதிரில்லா இருக்கு. உனக்கு ஒண்ணும் இல்லியே?"

"போன மாசமும் நீங்கதானேக்கா கஞ்சி கொண்டு தந்திய."

"ஆமா. அதைச் சொல்லு" என்று அவளே சமாதானம் ஆனாள்.

நான் சமாதானம் ஆகவில்லை. அந்த இரண்டு முடிச்சுகளும் கையில் தட்டுப்படும்போதெல்லாம் அவள் விலாவைத் தடவிப் பார்ப்பேன். தம்பியைக் கொன்றது நிறுத்தியதா, கொடுத்ததா? ஊர் சொன்னதுதான் சரியாக இருந்தால்? பாலை விட்டுவிட்டால் இவள் அந்நியமாகிவிடுவாளோ என்று எனக்காகத்தான் பிடித்து வைத்திருக்கிறேனோ? கேட்க யாருமில்லை. அம்மாவுக்குக் கடுதாசி எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். எழுதினால் அடுத்த பஸ்ஸில் சென்னிநாயகத்தோடு வந்து இறங்குவாள்.

புரட்டாசிக் கடைசியில் வயிறு மேடிட்டுவிட்டது, சாய்ப்புக்குப் போகத் துணியவில்லை; நாள் தள்ளிப்போகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். ஐப்பசியில் மகளுக்கு ஒரு வயது நிறைந்தது. அந்த வாரம் ஒருநாள் மத்தியானம் மடியில் படுத்து வாய் வைத்தவள், உடனே எடுத்துவிட்டு நாக்கைத் துருத்தினாள். நான் மறுபடி வைத்தேன். தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு கையால் தள்ளினாள். பிதுக்கிப் பார்த்தேன். பால் இல்லை. மஞ்சளாக, பிசினாக ஒரு சொட்டு. நக்கிப் பார்த்தேன், உப்புக் கரித்தது. உள்ளே இருப்பது தனக்கு வேண்டிய சீம்பாலை இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டது. சென்னிநாயகத்துக்கு நான் கொடுக்காத வேலையை அது ஒரு சொட்டில் செய்துவிட்டது.

அவள் அழக்கூட இல்லை. இறங்கித் தவழ்ந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், மோர் விட்டுப் பிசைந்த சோற்றில் ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தாள். என்னிடம் ஒரு பருக்கை தின்னாத மகள் வாயைத் திறந்து இன்னும் கேட்டாள். "பாத்தியா, தின்னுதா!" என்று அக்கா அங்கிருந்தே சத்தம் போட்டாள். நான் வாசலில் மாராப்பைச் சரிசெய்யாமல்கூட நின்றுகொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் அது, எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

கார்த்திகைக்குள் இரண்டு முடிச்சையும் அவிழ்க்க வேண்டியிருந்தது. நாள் முழுக்க அக்கா வீடுதான். நடை பழகியதும் அங்கேதான்.

பால் நின்ற பிறகு மறைக்க ஒன்றுமில்லை என்று, ஐப்பசிக் கடைசியிலேயே இவரிடம் உண்டானதைச் சொல்லிவிட்டேன். ஆனால் எத்தனை மாதம் என்று சொல்வது? உள்ளபடி சொன்னால் மூன்று மாதம் எதற்குச் சாய்ப்பில் உட்கார்ந்தாய் என்று கேட்பார். சூல்பால் கொடுத்துப் பிள்ளையை நரங்க வைத்தாய் என்று ஊர் கேட்கும். ஆவணியின் பொய்த் தூரத்திலிருந்து கணக்கு வைத்துச் சொன்னேன். ஐந்து மாத வயிறு இரண்டு மாத வயிறாயிற்று. பொய் வயிற்றைப் பிடிக்கிறவர் மெய் வயிற்றைப் பார்த்து, "இவ்வளவு சீக்கிரமா தெரியும்?" என்றார். "ரெண்டாவதுக்கு அப்படித்தான்" என்றேன். நம்பினார். அம்மாவுக்கும் அதே கணக்கில் எழுதினோம். வைகாசி பிறந்ததும் வந்துவிடுகிறேன் என்று பதில் வந்தது.

மாசிக் கடைசியில் ஒருநாள் காலை பத்து மணிக்கு வலி எடுத்தது. இவர் சவுக்கையில். அம்மா திருவட்டாற்றில், இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்ற நினைப்பில் இருந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து, "ஏழாம் மாசத்திலயா? ஐயோ மக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டு மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடினாள். அவள் திரும்பி வரும்வரை நான் தனியாக அந்த அறையில் கிடந்தேன். இந்தத் தனிமையை எனக்கு யாரும் தரவில்லை, நானே உண்டாக்கிக்கொண்டது என்று அப்போதுதான் உறைத்தது.

பையன் பிறந்தான். மருத்துவச்சி அவனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "யாரு சொன்னா இது குறைமாசம்னு? நகம் விரலைத் தாண்டி நிக்கு."

அக்கா அவன் கையை விரித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் உதடு மாதங்களை எண்ணுவது எனக்குத் தெரிந்தது.

"ஒம்பது நாள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தேனே, ஏட்டி," என்றாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா பாலை நிறுத்தச் சொல்லியிருப்பிய."

"சொல்லியிருப்பேன். நீ கேக்க மாட்டன்னா, கூட இருந்திருப்பேன்."

வெளியே வந்து நின்ற இவரிடம், "குறைமாசம்தான், ஆனா நல்ல வளத்தி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அதன் பிறகும் உதவிக்கு வந்தாள், கஞ்சி தந்தாள், பூண்டு தட்டிப் போட்டாள். வயிற்றுவலி இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. சொல்லியிருக்கக்கூடிய ஒரு ஆள் அந்த ஊரில் எனக்கு இருந்திருக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள்.

மூன்றாம் நாள் பால் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் கல்லாகக் கனத்து, துணி நனைந்து, பாய் நனைந்தது. பையன் ஒரு பக்கம் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். அப்போது மகள் வாசலில் வந்து நின்றாள். வயிறு உருண்டு, அரைஞாண் இறுகத் தொடங்கியிருந்தது. நான் தேடித் தேடித் தின்று, பொய் சொல்லிப் படுத்துக் கிடந்து, சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பால் இப்போது வீணாகக் கொட்டுகிறது. "வா மக்களே, வா" என்று அவளை இழுத்து மடியில் சாய்த்து மறுபக்கத்தைக் கொடுத்தேன்.

அவள் வாயை வைத்தாள். உதட்டைக் குவித்தாள், ஊதினாள், பல்லால் மெதுவாகக் கடித்துப் பார்த்தாள். என்ன செய்வது என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். நான் பிதுக்கி நாக்கில் விட்டேன். அது கடைவாயில் வழிந்தது. ஒரு வருஷம் இராப்பகலாகச் செய்த வேலை. நாலு மாதத்தில் குடிக்க மறந்துவிட்டிருந்தாள்.

புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். மூலையில் இருந்த செம்பைக் காட்டி, "தண்ணி" என்றாள். நான் அவளிடம் வெள்ளம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்; எங்கள் வீட்டில் அதை யாரும் அவளுக்குத் தண்ணி என்று சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போனாள்.